லியூபிங்காவின் பூஞ்சைப் பத்தியம்

வல்யேவோ,
டிசம்பர் 21

லியூபிங்கா,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்டாகிவிட்டது. நீ ஃபோனை எடுப்பதில்லை; அதனால் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம், நம் குலப்புனிதர் நிக்கோலஸின் திருநாளன்று, இறந்துபோன அப்பாவின் ஆன்மாவுக்காக வேகவைத்த இனிப்புக் கோதுமையை என் மனைவி தாரிங்கா உன்னிடம் நீட்டினாள். ஒரே ஒரு கரண்டி. வேண்டாமென்று கையை ஆட்டினாய். திருநாள் ரொட்டியையும் தொடவில்லை, ஈஸ்ட் போட்டதாம். ஒயினும் ஆகாதாம். பிறகு எல்லோர் எதிரிலும், பூஞ்சையைக் கொல்லும் என்று ஓரிகானோ மூலிகை எண்ணெயை எடுத்து நாக்கில் சொட்டிக்கொண்டாய்.

நீ போனதும் பக்கத்து வீட்டுத் திஹோமிர், "என்னய்யா மியோத்ராக், உன் தங்கச்சிக்குச் செத்த அப்பனைவிட உடம்புல வளர்ற காளான்தான் பெருசா?" என்றார். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஸ்லோபொதான் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிக்க என் வீடுதானா கிடைத்தது?

உன் அண்ணன்,
மியோத்ராக்


ஷாபாத்ஸ்,
ஜனவரி 4

அன்புள்ள அண்ணா,

ஏழாம் தேதி வரும் நம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துகள். அண்ணியின்மேல் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு என்னவென்று நீங்கள் கேட்கவேயில்லை. சொல்லவும் கூச்சம். பெண்களுக்கு வரும் பூஞ்சைத் தொற்று, விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. நாக்கிலும் வெள்ளைப் படலம். டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும்" என்று களிம்பு எழுதிக்கொடுத்தார். ஓர் உணவு ஆலோசகிதான் உட்காரவைத்துக் கேட்டார். உடம்பெல்லாம் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகிவிட்டதாம். சர்க்கரை, ரொட்டி, பழம் எதுவும் கூடாது. தேங்காயெண்ணெயிலிருந்து எடுத்த மாத்திரையும் நல்ல பாக்டீரியா கேப்சூலும் தந்திருக்கிறார். அரிப்பு குறைந்திருக்கிறது. இளைத்தும்விட்டேன், பூஞ்சை பட்டினியில் சாவதன் அடையாளமாம்.

திஹோமிரிடம் சொல்லுங்கள்: "காளான் எனக்கு, வயித்தெரிச்சல் எங்கண்ணனுக்கு."

லியூபிங்கா


வல்யேவோ,
பிப்ரவரி 2

லியூபிங்கா,

உன்னைப் பார்த்துவிட்டு வந்த தாரிங்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள். "உங்க தங்கச்சி எலும்பும் தோலுமா ஆயிட்டா. பேச்சுக்குப் பேச்சு எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிக்கிறா" என்றாள்.

பட்டினியில் சாவது பூஞ்சையல்ல, நீ! நான் வரலாறு படித்தவன், மருத்துவனல்ல. ஆனால் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் ஏன் என்று கேட்கத் தெரியும். பூஞ்சை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று உன் ஆலோசகி ஒருமுறையாவது கேட்டாளா? மாத்திரை விற்க அந்தக் கேள்வி தேவையில்லைதான். அவளுக்கு மூளையில்லை, உனக்கு இருந்ததாக நினைவு.

இரத்தப் பரிசோதனை செய்துகொள். சர்க்கரையைப் பார்க்கச் சொல். அதுவரை என் வாசலை மிதிக்காதே.

மியோத்ராக்


ஷாபாத்ஸ் மருத்துவமனை,
பிப்ரவரி 27

அண்ணா,

நீங்கள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் பரிசோதனைக்குப் போனேன். அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு நீரிழிவு. பூஞ்சை பொய்யில்லை, இரத்தத்தில் ஏறிய சர்க்கரைதான் அதை வளர்த்திருக்கிறது. பத்தியத்தால் கொஞ்சம் அடங்கி, நோய் மறைந்தே கிடந்திருக்கிறது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் நினைவு தப்பியிருப்பேனாம். இப்போது இன்சுலின் போடுகிறார்கள்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இனி வரலாம் என்று உத்தரவு தருவீர்கள். வேண்டாம். செத்துக்கொண்டிருக்கிறாய் என்று எழுதிவிட்டு, அதே தாளில் வாசலை மூடினீர்களே! பேருந்தில் வந்தால் அரை நாள்கூட ஆகாது. அழுதுகொண்டாவது அண்ணி வந்தார். நீங்கள் தாளை அனுப்பினீர்கள்.

லியூபிங்கா


வல்யேவோ,
டிசம்பர் 9

லியூபிங்கா,

உன் கோபம் இன்னும் ஆறவில்லை என்கிறாள் தாரிங்கா. எனக்கும் ஆறவில்லை. அந்த ஆலோசகிமேல், தலை நிமிராத டாக்டர்மேல், சாகும் அளவுக்கு அவர்களை நம்பிய உன்மேல். மற்றவர்களைப் பற்றி இன்று வேண்டாம்.

குலப்புனிதர் திருநாளுக்கு நம்மவர்கள் யாரையும் அழைப்பதில்லை. நினைவிருப்பவர் வருவார். எனவே இது அழைப்பல்ல. ஆனால் அன்று வருகிறவரைத் திருப்பி அனுப்ப வீட்டுக்காரனுக்கும் உரிமை கிடையாது. எவ்வளவு கோபக்காரனாக இருந்தாலும்.

இன்சுலின் வைக்க ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்திருக்கிறேன். ஸ்லோபொதான் கேக்கோடு வந்தால், அதற்கு இடமில்லை.

மியோத்ராக்