பாடத்திட்டக் குழுவில் நீங்கள் பேசாதது

அன்புள்ள தத்துவப் பேராசிரியருக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். நேரில் கேட்டால் தர்க்கம் பேசியே என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும் நம் குழுவில், யாருடைய பாடம் விவாதத்துக்கு வருகிறதோ அவர் வெளியே போய்விட வேண்டும் என்பது வழக்கம். நேற்று என்னுடைய 'வரலாற்றில் சாட்சியம்' வந்தது. வராந்தாவில் கால் ஆடும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீங்கள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

பாடத்தை நீக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் வாயே திறக்கலைம்மா. எல்லாம் அவங்களாவே முடிவு பண்ணிட்டாங்க" என்றீர்கள். நான் கேட்கவே இல்லையே! பிறகு பாத்திரங்களையெல்லாம் தேய்த்துக் கழுவி வைத்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம்.

இன்று காலை, கூட்டத்துக்கு டீ கொண்டுவந்த அலுவலக உதவியாளர் என்னிடம், "சார் என்னமா பேசினாரு மேடம்! எல்லாரும் தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க" என்றார். நீங்கள் எனக்காகப் பேசியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

ஒருவேளை எனக்காகத்தான் பேசினீர்களோ என்னவோ. அப்படியானால் அதை ஏன் மறைக்க வேண்டும்?

வரும் திங்கட்கிழமை உங்கள் அறவியல் பாடம் வருகிறது. பெஞ்சில் சுவரோரமாக உட்காருங்கள், அந்தப் பக்கம் அவ்வளவாக ஆடாது. உள்ளே நான் இருப்பேன்.

கவலையே வேண்டாம். நானும் வாயே திறக்க மாட்டேன்.

பக்கத்து அறையிலிருந்து,
உங்கள் வரலாற்றுக்காரி