கை கொடுத்தான்

ஈஜிபுரா, பெங்களூர்
14 ஜூலை 1996

அன்புள்ள ராஜேந்திரா,

இங்கே கை, கால், கழுத்து எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. வாணியம்பாடியிலும் அப்படியே இருக்க ஆஞ்சநேயர் பார்த்துக்கொள்வார். உன் தொப்பையை மட்டும் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று போன தடவை நீ வந்தபோதே தெரிந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், எனக்குக் காலேஜில் வேலை கிடைத்துவிட்டது. சிரிக்காதே. என் வீட்டுக்காரி முத்தம்மா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்து முடித்தாகிவிட்டது. "மூணாங்கிளாஸ் முடிக்காதவரு காலேஜுக்குப் போறாரு, ஆரத்தி எடுங்கடீ!" அந்த மூன்றாம் வகுப்பை நானா விட்டேன்? எங்கள் வீட்டு எருமை, வாத்தியாரின் துண்டைத் தின்றுவிட்டது. சாதாரணத் துண்டு இல்லை, மாமனார் வீட்டில் போட்ட சரிகைத் துண்டு. அந்த எருமைக்கு ஒரு கொம்பு கீழே மடங்கியிருக்கும், அதனாலேயே அதற்குக் கோபம் ஜாஸ்தி... சரி, அதை நேரில் சொல்கிறேன்.

வேலை மைதானத்து வாட்ச்மேன். ஒரு நாள் கேன்டீன் பின்னால் இரண்டு பையன்கள் பூனை மாதிரி கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. இறங்கி ஒரு பிடி காட்டினேன். பிரின்சிபால் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். "ஏனப்பா முனிராஜு, நீ வாட்ச்மேனா, குஸ்தி வஸ்தாதா?" என்றார். "கேட்டுல நின்னா வாட்ச்மேன் சார், மண்ணுல நின்னா வஸ்தாது" என்றேன். அதே இடத்தில் குழி வெட்ட உத்தரவு கொடுத்துவிட்டார். செம்மண்ணைச் சலித்து, நல்லெண்ணெய், மஞ்சள், மோர் எல்லாம் விட்டு மிதித்து வைத்திருக்கிறேன். வாசனைக்கே பையன்கள் வருகிறார்கள்.

நாம் சிவாஜிநகர் கரடி மனெயில் சேர்ந்தபோது என் அம்மா, "கரடிய கட்டிப் போட்டிருக்காங்களாடா?" என்று கேட்டாளே! குஸ்திக் கூடத்துக்குக் கன்னடத்தில் அதுதான் பேர் என்று கடைசிவரை அவள் நம்பவில்லை.

இங்கே பி.டி. மாஸ்டர், "ஆறே மாசத்துல எவனாச்சும் கழுத்தை ஒடிச்சுக்குவான், நீ ஜெயிலுக்குப் போவ" என்கிறார். "கப்போட வரேன், அலமாரிய தொடச்சு வைங்க" என்று சொல்லிவிட்டேன்.

உன்
முனிராஜ்


வாணியம்பாடி
3 ஜூன் 1998

அன்பு முனிராஜுக்கு,

உன் கடிதத்தில் பாதி எருமை. மீதிப் பாதியைத் தேடிப் படித்து, உன் பையன்கள் யூனிவர்சிட்டி கப் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொண்டேன். டயர் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். சந்தோஷம்டா.

ஒரு உதவி. என் மகன் தருணுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. உன் காலேஜ் இல்லை, வேறு காலேஜ். ஹாஸ்டல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. உன் வீட்டில் இருக்கட்டும். காலையில் உன் மண்ணிலும் இறக்கிவிடு. என்னைவிட நீளமான கை அவனுக்கு. முத்தம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல். அவள் சரி என்றால் நீ சொல்லவே வேண்டாம்.

அன்புடன்
ராஜேந்திரன்


ஈஜிபுரா
20 மார்ச் 2000

அன்புள்ள ராஜேந்திரா,

மூன்றாவது வருஷமும் கப் நமக்குத்தான். பி.டி. மாஸ்டர் இப்போது இரண்டாவது அலமாரி வாங்கச் சொல்கிறார்.

உன் மகன் சாப்பிடுவதை நீ பார்க்க வேண்டும். முத்தம்மா களி கிளறும் சட்டியைப் பெரிதாக மாற்றிவிட்டாள். மண்ணிலும் நன்றாக வருகிறான். அவனுக்கு ஜோடி, சிவாஜிநகர் கறிக்கடைக்காரர் மகன் ஓஸ்வால்ட். என் காலேஜ் டீமுக்கு அவன்தான் தூண். இரண்டு பேரும் ஒரே எடை. தினமும் ஒருத்தனை ஒருத்தன் மண்ணில் புதைக்கிறார்கள், பிறகு ஒரே சைக்கிளில் டீ குடிக்கப் போகிறார்கள். ஓஸ்வால்ட் சொல்கிறான்: "வஸ்தாது, இவன் கை இல்ல, தாம்புக் கயிறு. மாட்டிக்கிட்டா மாடு மாதிரி நிக்க வேண்டியதுதான்." ஆனாலும் பத்துக்கு ஏழு தடவை ஓஸ்வால்ட்தான் மேலே இருப்பான். உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒரு சங்கடம் வந்திருக்கிறது. காலேஜில் புது மேனேஜ்மென்ட். கோச் என்றால் டிப்ளமா வேண்டுமாம். பிரின்சிபால் கூப்பிட்டு, "அடுத்த வருஷமும் கப் வந்தா உன்னை பர்மனென்ட் பண்ண நான் போராடறேன். வரலைன்னா டிப்ளமாக்காரன் வருவான், நீ அவனுக்கு ஹெல்ப்பர்" என்றார். "நான் யாருக்கும் துண்டு பிடிக்கறவன் இல்ல சார். கப்பு வரும்" என்றேன். வெளியே வந்ததும் அலமாரிக் கப்புகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன்
முனிராஜ்


வாணியம்பாடி
9 ஜனவரி 2001

அன்பு முனிராஜுக்கு,

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களை எடுக்கிறார்கள். யூனிவர்சிட்டியில் தங்கம் வாங்கியவனைத்தான் கூப்பிடுவார்கள். தருண் எடையில் அவனுக்கு எதிராக நிற்கக்கூடியவன் உன் ஓஸ்வால்ட் ஒருத்தன்தான். ஃபைனலில் இரண்டு பேரும்தான் வருவார்கள் என்று தருணே சொல்கிறான்.

நம் கரடி மனெ வழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஒரே மண்ணில் புரண்டவர்கள் ஊர் பார்க்கக் குஸ்தி பிடிக்கக் கூடாது. ஜோடி விழுந்துவிட்டால், ஒருத்தன் பிடிக்காமலே கை கொடுத்துவிட்டு, விலகி இறங்கிவிட வேண்டும். அந்த மாரியம்மன் திருவிழாவில் உனக்கும் எனக்கும் ஜோடி விழுந்தது. நான் கை கொடுத்தேன், இறங்கினேன். பரிசுக் கிடா உன் வீட்டுக்குப் போனது. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கிறேனா?

ஓஸ்வால்டைக் கை கொடுத்துவிட்டு இறங்கச் சொல். அவனுக்குக் கறிக்கடை இருக்கிறது. என் மகனுக்கு நான் ஒட்டும் பழைய டயர்தான் இருக்கிறது.

ராஜேந்திரன்


ஈஜிபுரா
16 ஜனவரி 2001

ராஜேந்திரா,

சொல்ல மாட்டேன்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை.

வழக்கத்தைப் பற்றி என்னிடமே பேசுகிறாயா? இறங்க வேண்டியது மண்ணுக்குப் பிந்தி வந்தவன். ஓஸ்வால்ட் முந்தி வந்தவன். வழக்கப்படி பார்த்தால் உன் மகன்தான் இறங்க வேண்டும். அவனிடம் சொல்லட்டுமா? சொன்னால் என் வீட்டுச் சோற்றைத் தொடாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவன் அப்படிப்பட்டவன். உனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும்.

கிடாவைப் பற்றிச் சொன்னாயே, கேள். அதை அறுத்து ஊருக்கே போட்டேன். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இருபது வருஷமாக மண்ணில் இறங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி: ராஜேந்திரனை என்னால் தூக்கியிருக்க முடியுமா, முடியாதா? நீ இறங்கிப் போனாய், அந்தக் கேள்வி என்னோடு நின்றுவிட்டது. இறங்கினவனுக்கும் ஒன்றுமில்லை, நின்றவனுக்கும் ஒன்றுமில்லை. அந்த வழக்கத்தை என் குழியில் நான் விதைக்கவே இல்லை.

என் வேலையும் அந்த ஒரு பிடியில்தான் தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். அதற்காக மறுக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். நாளைக்கே பிரின்சிபால் வந்து தருணை இறங்கச் சொன்னாலும் இதே பதில்தான்.

பிடிக்கட்டும். யாருடைய முதுகு தரையில் படுகிறதோ படட்டும்.

முனிராஜ்


வாணியம்பாடி
12 பிப்ரவரி 2001

என் உயிர் நண்பன் முனிராஜுக்கு,

நேற்று சாயங்காலம் தருண் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். மூச்சு வாங்க ஒரே ஒரு வரிதான் சொன்னான்: "தங்கம்பா! ஓஸ்வால்ட் கை கொடுத்துட்டான்பா!" அதற்குள் லைன் போய்விட்டது.

கடிதத்தில் அப்படிச் சீறினாயே, கடைசியில் பழைய முனிராஜ்தானடா நீ! உன் வேலை போகும் என்று தெரிந்தும் செய்தாய். இந்த நன்றியை நான் எங்கே வைப்பேன்? தருணுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், மாமா காலில் விழுந்து கும்பிடு, அவர் போட்ட பிச்சை இந்தத் தங்கம் என்று.

என்றும் கடமைப்பட்ட
ராஜேந்திரன்


ஈஜிபுரா
25 பிப்ரவரி 2001

ராஜேந்திரா,

உன் கடிதத்தை முத்தம்மா வாங்கிப் படித்துவிட்டு, "இதுக்கு அந்த மனுசன் நாலு அறை அறைஞ்சிருக்கலாம்" என்றாள்.

அட மடையா! மண்ணில் கை கொடுத்தால் இறங்குகிறான் என்று அர்த்தம். அங்கே மண் இல்லை, மேட், மெத்தை விரிப்பு. மேட்மேல் ஏறும்போது கை கொடுக்க வேண்டும், முடிந்ததும் கை கொடுக்க வேண்டும், அது அங்கே சட்டம். தோற்ற பிறகு ஓஸ்வால்ட் வந்து கை கொடுத்தான், முகம் தொங்காமல், சிரித்துக்கொண்டு. அந்தச் சந்தோஷத்தைத்தான் உன் மகன் சொன்னான். அவனுக்குத் தங்கத்தைவிட அது பெரிதாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன், காது கொடுத்துக் கேள். பாதி வரை ஓஸ்வால்ட்தான் முன்னால். உன் மகன் உதடு கிழிந்து ரத்தம். நான் ஓஸ்வால்ட் பக்கத்து மூலையில் உட்கார்ந்து, "இடது காலைப் பிடிடா, அவன் இடது கால் லேட்டா வரும்!" என்று கத்தினேன். ஆமாம், உன் மகனுடைய ஓட்டையை நான்தான் அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன், அது என் வேலை. ஓஸ்வால்ட் பாய்ந்தான். உன் மகன் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி கழுத்தை வளைத்து, துவைக்கிறவன் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி தோளுக்கு மேல் எடுத்துப் போட்டான். ஓஸ்வால்ட் முதுகு பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் காலை உன் மகன் லேட்டாக விட்டது வேண்டுமென்றே. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை!

அதோடு கப்பும் போனது. மறுநாள் பிரின்சிபால் கேட்கிறார்: "அந்த ஹுடுகா, வாணியம்பாடிப் பையன், உன் வீட்ல சாப்பிடறவன் தானே? எல்லாரும் பேசறாங்க. மன்னிப்பு எழுதிக் கொடுத்துடு, ஹெல்ப்பரா இருந்துக்கோ." நான் சொன்னேன்: "தோத்ததுக்கு வேணும்னா எழுதித் தரேன் சார். விட்டுக் கொடுத்தேன்னு என் செத்த பொணம் கூட எழுதாது." சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். இப்போது தொம்மலூரில் மரக்கடைக்காரர் ஒருத்தர் பின்பக்கம் இடம் கொடுத்திருக்கிறார். புது மண். முதல் நாள் நானும் முத்தம்மாவும்தான் மிதித்தோம். இரண்டாம் நாள் ஓஸ்வால்ட் டீமையே கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். "டிப்ளமா சார் நல்லாத்தான் விசில் ஊதறாரு வஸ்தாது. எங்க யாருக்கும் காது கேக்கல" என்றான்.

என் வேலையை விடு. அது எனக்குக் கவலை இல்லை. தருண்தான். உன் கடிதத்தைப் படித்தவன் மெடலைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டான். ரயில்வே ட்ரையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போக மாட்டேன் என்கிறான். "பெத்தவரே நம்பல மாமா. நான் எதைக் காட்டி வேலை கேக்கறது?"

உன் நன்றி எனக்கு வேண்டாம். அது என்னையும் திட்டுகிறது, ஓஸ்வால்டையும் திட்டுகிறது, எல்லோரையும்விட உன் மகனைத் திட்டுகிறது. திரும்ப எடுத்துக்கொள். எழுத்தில் வேண்டாம். வரும் ஞாயிறு கிளம்பி வா. இரண்டு பேரையும் என் மண்ணில் இறக்குகிறேன். கப்பு இல்லை, மெடல் இல்லை, எவனுக்கும் எதுவும் கிடைக்காது. உட்கார்ந்து பார். வரவில்லை என்றால் இனிமேல் எனக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

முனிராஜ் வஸ்தாது


வாணியம்பாடி
6 மார்ச் 2001

முனிராஜ்,

உன் மரக்கடையிலிருந்து சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

ஓஸ்வால்ட் என் மகனைத் தூக்கிப் போட்டபோது நான் எழுந்துவிட்டேன், நீ என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாய். அப்போதுதான் உறைத்தது. இந்த ஓஸ்வால்டா விட்டுக் கொடுப்பான்? ஒரு டம்ளர் மோர்கூடப் பரிசு இல்லாத இடத்திலேயே விடாதவன்! இப்படிப்பட்டவனைத் தருண் அன்றைக்கு ஜெயித்திருக்கிறான். என் மகன் தோற்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவன் ஜெயித்ததில் நம்பிக்கை வந்தது. என்ன தகப்பன் நான்!

மண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவன் என்னிடம், "என்னப்பா, இப்ப யாருக்கு நன்றி சொல்லப் போற?" என்று கேட்டான். அவனை அப்படியே மண்ணோடு கட்டிக்கொண்டேன். வெள்ளைச் சட்டை. உன் தங்கச்சி இன்னும் துவைக்கிறாள், போகவில்லை.

நேற்று அவன் ட்ரையலுக்கு ரயில் ஏறினான். மெடலை எடுத்துக்கொண்டுதான் போனான்.

உனக்குச் சொன்ன நன்றியை, ஒரு சொல் பாக்கி இல்லாமல், திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ராஜேந்திரன்