சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. ஐந்து மாதமாக ஒழுங்காக ஒரு போன்கூடப் பேசாதவள் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாளே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி, விடுடி" என்று சொல்லிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா. நீ அப்படிச் சொல்வதற்குள் நான் முழுவதையும் சொல்லி முடித்துவிட வேண்டும். அதற்காகத்தான் கடிதம்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வாலுவுக்கு வருகிற வியாழக்கிழமை காலை இடது காதில் ஆபரேஷன். செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேர்ந்து, கெட்டியாகி, பறையையே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறதாம். நீரை எடுத்துவிட்டுச் சின்னக் குழாய் ஒன்று வைப்பார்கள். உள்ளே இருக்கும் பொடி எலும்புகள் அரித்துப் போயிருக்கின்றனவா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். அரிக்காமல் இருந்தால் பழையபடி கேட்கும். அரித்திருந்தால் எவ்வளவு திரும்பும் என்று அவரால் இப்போது சொல்ல முடியவில்லை. உயிருக்குப் பயம் ஒன்றும் இல்லை, பதறாதே.

நீ சொன்ன அதே காதுதான், அக்கா.

நீ கடைசியாக வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில், "இவ ஏன் எப்பப் பாத்தாலும் தலையத் திருப்பித் திருப்பிக் கேக்கறா? ஒரு தடவ டாக்டர்கிட்டக் காதைக் காட்டிடேன்" என்று நீ மெதுவாகத்தான் சொன்னாய். மில்லில் மெஷின் சத்தத்துக்கு நடுவே இருபது வருஷமாக ஆட்களைக் கட்டி மேய்க்கிறவள் நீ. பாதிக் காதோடு இருப்பவர்கள் தலையை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். என் மண்டையில் அது ஏறவில்லை. பிள்ளையை ஸ்கூலிலிருந்து நிறுத்தியதைச் சுற்றி வளைத்துக் குத்திக் காட்டுகிறாய் என்றுதான் எனக்குப் பட்டது. "பெத்து வளத்துப் பாத்தாத் தெரியும். வெளியிலேருந்து சொல்றது சுலபம்" என்றேன். பிள்ளை இல்லாத உன்னிடம், உன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். உன் தட்டைக் கழுவி வைத்தாய். இரண்டு நாள் இருக்கிறேன் என்று வந்தவள், மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். நான் ஒரு பேச்சுக்காகக்கூட இரு என்று சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நீ படியிறங்கும்போது நான் வேலையாக இருப்பதுபோலக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புரட்டினேனே தவிர, ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை.

ஸ்கூலை நிறுத்தியது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவருக்குப் பாலம் கட்டும் கம்பெனியில் சர்வே வேலை. அவர் பின்னாலேயே ஊர் ஊராகப் போனதில் மூன்று வருஷத்தில் நான்கு ஸ்கூல். எல்லா வகுப்பிலும் பாதிப் பாடத்தில் போய் உட்கார்ந்து, பாதிப் பாடத்தில் எழுந்து வந்தாள். இனி அவர் சைட்டில் தங்கிக்கொள்ளட்டும், நாங்கள் ஒரே இடத்தில் இருக்கிறோம், அவள் வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். கணக்குக்கும் அறிவியலுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு டீச்சர் வருகிறார். இலக்கணம் மட்டும் என் பொறுப்பு. அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பவளின் வீட்டில் இலக்கணத்துக்கு வெளியாள் வைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று எனக்கு நினைப்பு.

அந்தப் பாடப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க நான் பண்ணிய அலப்பறை உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று பதிப்பகங்களிலிருந்து மாதிரிப் பாடங்கள் வரவழைத்தேன். ஒன்றில் தாயோ தகப்பனோ பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி படித்துச் சொல்லி, கேள்வி கேட்டு, பதில் வாங்க வேண்டும். தினம் முக்கால் மணி நேரம். நமக்கு ஆகாது என்று தள்ளிவிட்டேன். இன்னொன்று முழுக்கப் பாட்டும் படமும். அதன் மாதிரிப் பக்கத்திலேயே இரண்டு பிழை கண்டுபிடித்து அவர்களுக்கே எழுதிப் போட்டேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. அதையும் உனக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன், அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மூன்றாவதுதான் எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. வாரத்துக்கு ஒரு பாடம், நாற்பது பாடம். பிள்ளையிடமே நேராகப் பேசுகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலும் பழைய பாடங்களிலிருந்து கலந்து பத்து மீள்பார்வைக் கேள்விகள். பிள்ளையே விடைப் புத்தகத்தைப் பார்த்துப் பச்சைப் பேனாவால் திருத்திக்கொள்ள வேண்டும். தப்பானதை மூன்று நாள் கழித்துத் தானே மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஒரு குறையும் இல்லை, சத்தியமாகச் சொல்வேன். அவளும் ஏமாற்றவில்லை. தப்பைத் தப்பு என்றே பச்சையில் சுழித்து, மூன்றாம் நாள் திரும்பப் போட்டிருக்கிறாள். வேற்றுமை உருபில் இன்றைக்கு அவளை யாரும் அசைக்க முடியாது. நான் பக்கத்தில் உட்காரவே வேண்டாம் என்று உனக்கு எத்தனை முறை போனில் பெருமை அடித்தேன். "அப்ப அவகூட யாருடி பேசுவா?" என்று ஒரு தடவை கேட்டாய். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் விடைப் புத்தகத்தில் விடை கிடையாது. பாடத்தின் கடைசியில் ஐந்து சொற்கள் கொடுத்து, சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக என்று இருக்கும். விடைப் புத்தகத்தில் அந்த இடத்தில், "விடைகள் மாறுபடும். பெரியவர் ஒருவர் வாசித்துப் பார்க்கவும்" என்று போட்டிருப்பார்கள். அதற்காக வெள்ளிக்கிழமை தோறும் நோட்டைக் கொண்டுவந்து என் மேஜை ஓரத்தில் வைப்பாள். திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்வாள்.

படிக்காமலே டிக் போட்டேன் என்றால் நான் கொஞ்சம் தப்பித்துக்கொள்ளலாம், அக்கா. படித்தேன். ஒரு வாக்கியம் விடாமல் படித்தேன். நான் படிக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். தண்ணீர் மோட்டாரைப் பற்றி இருநூறு பக்கம் திருத்திக் கொடுத்துவிட்டு, அது எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் என்று கேட்டால் முழிப்பேன். ஒற்று இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, எழுவாயும் பயனிலையும் ஒத்துப் போகின்றனவா, அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் என் பிள்ளையின் நோட்டையும் பார்த்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, அவள் அடுப்படித் தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சோப்பு நுரை. அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. எடுத்து, எனக்கு வாகாக இருந்த அவளுடைய இடது காதில் வைத்துப் பிடித்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "லைன் கட்டாயிடுச்சும்மா" என்றாள். அவரோ சைட்டில் கத்திக் கத்திப் பழகியவர். வாலு, வாலு என்று அவர் கூப்பிடுவது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. போனை வலது காதுக்கு மாற்றினேன். உடனே முகம் மலர்ந்து, "சொல்லுப்பா" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அழுக்கு அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் போயிற்று என்றுதான் அழைத்துப் போனேன்.

டாக்டர் எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். "ஒரு ரெண்டு வாரமா இருக்கும் டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். வாலு என்னைப் பார்க்காமலே, "பதினாலாவது பாடத்துலேருந்து" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு கண்ணாடி அறையில் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு டக் டக்கென்று அழுத்தினாள். இடது காதுக்கு வந்தபோது கட்டைவிரல் பட்டன் மேலேயே சும்மா இருந்தது. கேட்காததற்கு அவள்தான் பொறுப்பு என்பதுபோல அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். பதினாலாம் பாடத்தில் கொடுத்திருந்த சொல் "ஒருவேளை". "ஒருவேளை என் இடது காதில் தண்ணீர் போயிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாள். என் டிக். பதினாறாம் பாடம், "மெல்ல மெல்ல". "இடது பக்கம் மெல்ல மெல்ல சத்தம் குறைகிறது" என்று எழுதியிருக்கிறாள். அதில் "மெல்ல"வுக்குப் பின்னால் விட்டுப்போன "ச்" என்ற ஒற்றை மட்டும் சிவப்பு மையால் சேர்த்துவிட்டு டிக் போட்டிருக்கிறேன். பதினெட்டு, "கண்டுபிடி". "பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் அம்மா அவளைத் திட்டி அனுப்பிவிட்டாள்." டிக்.

கூப்பிட்டு அவள் திரும்பாவிட்டால் காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கே என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை கத்துவேன். மாடி வீட்டுக்காரிக்கு முன்னாலும் கத்தியிருக்கிறேன். இருபத்தோராம் பாடத்தில் அவர்கள் கொடுத்த ஐந்து சொற்களில் ஒன்று பஞ்சு. "என் காதில் பஞ்சு இல்லை, அம்மா" என்று எழுதியிருக்கிறாள். விளிக்கு முன்னால் காற்புள்ளி சரியாக விழுந்திருக்கிறது என்று பக்கத்தில் "மிக நன்று" போட்டிருக்கிறேன். என் கையெழுத்துதான், அக்கா. இரண்டு முறை பார்த்தேன்.

முப்பதாம் பாடத்தில் "எனக்குப் பழகிவிட்டது" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு காதைப் பற்றி ஒன்றுமே இல்லை. சூரியன் கிழக்கில் உதிக்கிறது, பறவைகள் வானில் பறக்கின்றன என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற வாக்கியங்கள். முப்பத்தெட்டாம் பாடம் வரை அப்படியேதான் போகிறது. அவற்றுக்கும் ஒன்று விடாமல் டிக்.

ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். முதலில் ஒரு நாள் சொன்னாளாம். அன்றைக்கு எனக்கு அச்சகத்தில் கெடு. தலையைத் தூக்காமலே "எழுதி வை, பாக்கறேன்" என்று சொன்னேனாம். சந்தேகம் கேட்க வந்தாலும் நான் அப்படித்தான் சொல்வேன். அவள் எழுதி வைத்தாள். "நீதான் பாத்துட்டியேம்மா. டிக் போட்டிருந்தியே. ஒண்ணுமில்ல, பெரிய விஷயமில்லன்னு நீ சொல்றேன்னு நெனச்சேன்" என்றாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எனக்குப் புரியாத ஒன்றைப் பொறுமையாக விளக்குவதுபோலச் சொன்னாள். நீ வந்துபோன சமயத்திலேயே காட்டியிருந்தால் மருந்திலேயே சரியாகியிருக்கக் கூடும் என்று டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னிடமும் மறைத்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவரிடம் போனில் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவருக்கு ஆபரேஷனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமைதான் லீவு கிடைத்திருக்கிறது. ஆனால் உன்னை வரச் சொல்லி எழுதுவது அதற்காக இல்லை.

ஆபரேஷன் அறைக்குள் மயக்க மருந்து கொடுக்கும்வரை பிள்ளையோடு ஒருவர் நிற்கலாமாம், கையைப் பிடித்துக்கொள்ளலாமாம். நேற்று நர்ஸ் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்கூட யாரும்மா வரப் போறாங்க?" என்று வாலுவிடம் கேட்டார். நான் அம்மாதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "பெரியம்மா" என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்கதான் பெரியம்மாவா?" என்றார். இல்லை, நான் அம்மா என்று சொன்னேன். படிவத்தின் அந்தக் கட்டத்தில் உன் பெயரைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

அக்கா, நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினால், பிள்ளைக்கு ஆக வேண்டியதற்காகக் கேட்கிறாள் என்று நீ நினைக்கலாம். அப்படி நினைத்தாலும் சரி, நினைத்துக்கொண்டே வா. புதன்கிழமை மாலை பஸ்ஸில் வந்துவிடு, நான் ஸ்டாண்டுக்கு வருகிறேன். என்னோடு பேச வேண்டும் என்றில்லை. உள்ளே அவளுக்கு வலது பக்கமாக நின்று பேசு, அந்தப் பக்கம்தான் நன்றாகக் கேட்கும். அவளுக்கு நல்லபடியாக ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள், நீ வேண்டிக்கொண்டால் பலிக்கும்.

நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். மயக்கம் வருவதற்குள் அம்மா எங்கே என்று அவள் கேட்டால், கதவைத் திறந்து ஒரு சத்தம் கொடு, ஓடி வந்துவிடுகிறேன். அவள் என்னைக் கேட்கவே இல்லை என்றால், கேட்டாள் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
உன் தங்கை