யோசேப்பின் சட்டைக்கு எத்தனை கெஜம்?

நானா,

போன ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் நறுக்கும்போது கத்தி வழுக்கிப் பெருவிரலை வெட்டிக்கொண்டேன். ரத்தம் சொட்டச் சொட்ட நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி பயந்துபோனாள். "வெரல வெட்டிக்கிட்டு என்னாங்க சிரிப்பு?" என்று மஞ்சள்தூளோடு ஓடிவந்தாள். யாரோ பேரழகன் கண்ணில் பட்டுவிட்டான் போலிருக்கிறது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். நீங்கள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இருந்தாலும் விளங்குகிற ஆளுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மலாக்கா டவுனில் உங்கள் ஜவுளிக் கடை, அதற்கு மேலே மாடியறையில் நான். உங்கள் முஸ்லிம் சனங்கள் அண்ணனை நானா என்பதைக் கேட்டு நானும் உங்களை அப்படியே கூப்பிட்டேன். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆளைக் குறைத்து, சனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் வேலை பார்த்த கவர்மெண்டு ஆங்கில உயர்பள்ளியிலும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். தற்காலிக வாத்தியார்கள் நாங்கள் மூன்று பேர். ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்று ஹெட்மாஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலை போனால் நான் டுரியான் துங்கால் பக்கம் அப்பா கங்காணியாக இருந்த தோட்டத்துக்கே திரும்பி, பெரட்டு என்கிற விடியற்காலை ஆள்கணக்கு வரிசையில் நின்று, அவரிடமே பேர் கொடுக்க வேண்டும். என்னைப் படிக்க வைக்க அவர் பட்ட பாட்டுக்கு, அந்த வரிசையில் என்னைப் பார்த்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்பதே எனக்கு ஓயாத கவலை.

அந்த நேரம் பார்த்து, கிறிஸ்தவ வேதபாடம் எடுத்துக்கொண்டிருந்த துரை சீமைக்கு லீவில் போய்விட்டார். மற்ற இரண்டு வாத்தியார்களும் கெட்டிக்காரத்தனமாக நழுவிவிட, பாடம் என் தலையில் விழுந்தது. என் நெற்றி விபூதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹெட்மாஸ்டர் விதியைச் சொன்னார். "ஜெபம் கூடாது, உபதேசம் கூடாது. சரித்திரம் மாதிரி, இலக்கியம் மாதிரி நடத்து. யார், எங்கே, என்ன செய்தான், அதைப் புத்தகம் எப்படிச் சொல்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் சீனர், மலாய்க்காரர், தமிழர், போர்த்துகீசியர் எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவனும் மதம் மாறக் கூடாது. ஒருவனும் ஃபெயிலாகவும் கூடாது."

செய்தி எப்படித்தான் தோட்டத்துக்குப் போனதோ, அடுத்த ஞாயிறே அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். உங்கள் கடை வாசலில் நின்று, "ஏண்டா, நீ வேதத்துல சேந்துட்டியாமே! பேரு என்னாடா வச்சிருக்கானுங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். துணி எடுக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள்தான் அவளுக்கு முக்காலி எடுத்துப் போட்டு, "அழுவாதீங்கம்மா. ஒங்க மவன் அந்தப் புஸ்தகத்தத் தொறந்தே பாக்கல, நான் சாட்சி" என்று சமாதானம் செய்தீர்கள். அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு மானம் போயிற்று, ஏனென்றால் நீங்கள் சொன்னது முழு உண்மை.

அந்தப் பழைய ஆங்கிலம் எனக்குப் பல்லை உடைத்தது. முதல் பாடம் யோசேப்பு கதை என்று சொன்னதும் நீங்கள் கெஜக்கோலைக் கீழே வைத்துவிட்டீர்கள். "அட, நம்ம யூசுபு நபி லா! இதுக்குப் போயி புஸ்தகமா? பசியாறிட்டு வந்து ஒக்காருங்க வாத்தியாரே, நான் சொல்றேன்." மத்தியானத்துக்கு மேல் வியாபாரம் மந்தமாக இருக்கும். துணிக்கட்டில் சாய்ந்துகொண்டு நீங்கள் சொல்வீர்கள், நான் குறிப்பெடுப்பேன், மறுநாள் அது அப்படியே வகுப்பில் இறங்கும். அண்ணன்மார் கிணற்றில் தள்ளிவிட, எகிப்து மந்திரி வீட்டுக்கு அடிமையாக விலைபோன யூசுபின் அழகைச் சொல்லும்போது உங்கள் குரலே மாறிவிடும். அடிமைமேல் ஆசைப்பட்டாள் என்று தன்னைப் பழித்துப் பேசிய சீமாட்டிகளை மந்திரியின் மனைவி விருந்துக்கு அழைக்கிறாள். ஆளுக்கொரு பழமும் கத்தியும் கொடுத்துவிட்டு, யூசுபை அவர்கள் முன்னால் வரச் சொல்கிறாள். அவரைப் பார்த்த பிரமிப்பில் அவர்கள் பழத்தை விட்டுவிட்டுக் கையை வெட்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் கட்டத்தை நான் நடித்துக் காட்டிய அன்றைக்கென்று இன்ஸ்பெக்டர் துரை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் வேதப் புத்தகம். நான் சுண்ணக்கட்டியைக் கத்தியாக்கி, டஸ்டரைப் பழமாக்கி, ஸ்ஸ் என்று கையை உதறினேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. துரை பக்கத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். மணி அடித்ததும் பக்கத்தில் வந்து, "இந்தக் கத்திகள் எந்த அதிகாரத்தில் வருகின்றன?" என்று கேட்டார்.

"ஜவுளிக் கடையில், ஐயா" என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான்.

அவர் சிரிக்கவில்லை. பத்து நாளில் மறுபடி வருவேன், இதே கதையைப் புத்தகத்தில் உள்ளபடி நடத்த வேண்டும், அதைப் பார்த்துத்தான் உன் ரிப்போர்ட் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நான் கடைக்கு வந்து கத்திய கத்தலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. "ஒங்க கதையால என் பொழப்பே போச்சு நானா!" என்றேன். நீங்கள் மல்லுத்துணி கிழிப்பதைக்கூட நிறுத்தவில்லை. "எங்க வூட்டுல சொல்ற மாதிரி நான் சொன்னேன். ஒங்க புஸ்தகத்துல எப்புடி இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்? படிக்க வேண்டியவரு நீங்க. வாத்தியாரு நானா, நீங்களா?" நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் நீங்களே மூச்சு வாங்கப் படியேறி வந்தீர்கள். "கொண்டாங்க அந்தப் புஸ்தகத்த. படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க. நானும் கேக்குறேன் லா."

நான் வரிவரியாகப் படித்துச் சொல்ல, நீங்கள் வரிக்கு வரி குறுக்கே விழுந்தீர்கள். "எங்கள்ல அப்புடி இல்ல" என்பீர்கள். அடுத்த வரியில் "இது சரி, இது எங்கள்லயும் இருக்கு" என்று புத்தகத்துக்கு மார்க் போடுவீர்கள். தகப்பன் செல்ல மகனுக்கு மட்டும் பல நிறத்தில் சட்டை தைத்துக் கொடுத்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"எத்தன கெஜம்?"

"அதெல்லாம் போடலீங்க நானா."

"பன்னண்டு புள்ளையில ஒருத்தனுக்கு மட்டும் கலர் சட்டையா? தீவாளிக்கு எங்க கடையில வந்து பாக்கச் சொல்லுங்க அந்த மனுசன!"

நீங்கள் சொன்னது எனக்கும் தெரிந்த கதைதான். தோட்டத்துச் சனங்கள் தீபாவளிக்குக் கடைக்கு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே துணிக்கட்டிலிருந்துதான் கிழிக்கச் சொல்வார்கள். நானும் என் தம்பி தங்கைகளும் வருஷா வருஷம் ஒரே கோடு போட்ட துணியில், ஒரு திரைச்சீலையை வெட்டிப் பங்கு போட்ட மாதிரி திரிந்தவர்கள். "ஒரே துணியா எடுத்தா சண்ட வராது. ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியல. அப்பறம் கெணத்துல தள்ளாம என்னா செய்வானுங்க?" என்றீர்கள். சொல்லி முடித்த பிறகுதான் அந்தத் தகப்பனும் ஒரு நபி என்பது நினைவுக்கு வந்து, "தவ்பா, தவ்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்த அன்று, பலகையின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் "புத்தகத்தில்" என்று எழுதினேன். வலப்பக்கம் "என் நண்பர் வீட்டில்". பரீட்சைக்கு இடப்பக்கம் மட்டும்தான் என்று பையன்களை எச்சரித்துவிட்டுச் சட்டையில் ஆரம்பித்தேன். உங்கள் வீட்டில் பண்டிகைக்கு எப்படித் துணி எடுப்பார்கள் என்றேன். அவ்வளவுதான். அண்ணனுக்குப் புதுசு, எனக்கு அவன் போட்டுக் கிழித்தது என்று ஒரு சீனப் பையன் கொதித்தான். தமிழ்ப் பையன்கள் தங்கள் கோடு போட்ட சட்டைகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல வகுப்பே எழுந்து நின்றது. யோசேப்பின் அண்ணன்மாருக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பாடம் முடிந்ததும் துரை பலகையைக் காட்டி, "இந்த இரண்டில் எது உண்மை?" என்றார். "தெரியாது ஐயா. எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் இப்போது தெரியும்" என்றேன். அவர் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

மூன்றாம் வாரம் வேலை நிரந்தரமாகிக் கடிதம் வந்தது. நான் ஓடிவந்து சொன்னதும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "அப்ப நம்ம கத்தியும் கவர்மெண்டுல பாஸாயிருச்சா?"

அந்தக் கோட்டை இன்றுவரை வருஷா வருஷம் போடுகிறேன். வலப்பக்கத்தில் கத்திகளுக்குக் கீழே இன்னொரு காட்சியும் எழுதுவேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் நீங்கள் சொன்னது அது. யூசுப் பெரிய பதவியில் இருக்கிறார். தன்னை அடையாளம் தெரியாமல் எதிரே நிற்கும் கடைசித் தம்பியிடம், வேறு எதையும் கேட்பதற்கு முன்னால், "வூட்டுல என் பீங்கான்ல இப்ப யாரு சாப்புடுறா?" என்று கேட்கிறார். எப்பேர்ப்பட்ட குறும்புக்காரப் பையனும் அந்த இடத்தில் அடங்கிவிடுவான்.

இந்த வருஷம் கேட்க நீங்கள் இல்லாததால், பாடத்துக்கு முன்னால் ஒரு சந்தேகத்துக்குப் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போனேன். கத்திகளைச் சொன்னதும் தலையாட்டினார். பீங்கானைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பீங்கான் தட்டா? அந்தக் காலத்துலயா? இது எங்க வேதத்துலயும் இல்ல, அவங்க வேதத்துலயும் இல்ல. யாரு தம்பி ஒங்களுக்குச் சொன்னது?"

மறுபடியும் என்னை ஏமாற்றிவிட்டீர்களே என்று எனக்கும் சிரிப்புதான் வந்தது. படியிறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவர் நீங்கள். உங்களுக்கு மேலே ஆறு அண்ணன்மார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட நீங்கள் ஊருக்குப் போனதில்லை. ஆறு வருஷம் உங்கள் மாடியில் குடியிருந்தேன். எந்த அதிகாரத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு விழுந்து விழுந்து படித்துச் சொன்ன நான், ஊரில் அந்த வீட்டில் உங்கள் பீங்கானில் யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது நானா.

நாளைக்கு அந்தப் பாடம். இந்த முறை பலகையில் இரண்டு கோடு போடப்போகிறேன். மூன்றாவது கட்டத்தில் அந்த ஒரு கேள்வி மட்டும் இருக்கும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் நண்பர் கேட்டது, பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கும்வரை அழிக்காமல் விட்டுவைப்பேன்.

உங்கள் மாடி வாத்தியார்