மூன்று பத்தியம்

கட்டுக்கலை, கண்டி
ஹிஜ்ரி 1292, ரஜப் மாதம்

என் மகள் றம்லத்துக்கு வாப்பா ஜமால்தீன் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் ரஹ்மத்தால் இங்கே எல்லாரும் எழும்பி நடமாடுகிறோம், கற்பிட்டியில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். கலகெதரப் பக்கம் கோப்பி இந்த வருஷமும் சரியில்லை, இலையில் மஞ்சள் பொடி படிந்து கொட்டுகிறது, யாபாரம் மந்தம். அது கிடக்கட்டும், நீ கேட்டது உம்மாவைப் பற்றி. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், வாசித்துவிட்டு அழுதுகொண்டு இருக்காதே.

உம்மாவுக்கு நீரிழிவும் மூச்சிழுப்பும் இருப்பது உனக்குத் தெரியும், ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கால் வீக்கமும் சேர்ந்துகொண்டது. நீரிழிவுக்கு ஹக்கீம் மஹ்மூத் சோற்றை நிறுத்தினார். இழுப்புக்குத் தெல்தோட்டைச் சிங்கள வைத்தியர் மீன், தயிர், பழம் ஒன்றும் ஆகாது என்றார். வீக்கத்துக்கு டிஸ்பென்சரி டாக்குத்தர் போத்தல் மருந்து தந்து உப்பைத் தடுத்தார். ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொன்னால் மரியாதைக் குறைவு அல்லவா, ஆகவே ஒருவர் வரும்போது மற்ற இருவரின் மருந்தும் அலுமாரிக்குள் போய்விடும். அடுப்படி உன் மாமி ரபீகாவின் ராஜ்ஜியம், என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, மூன்று பத்தியத்தையும் ஒன்று விடாமல் காத்தாள். மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது உப்பில்லாத குரக்கன் கஞ்சிதான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்யப் போன உம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டாள். பேச்சு மூச்சில்லை. மௌத்தாகிவிட்டாள் என்றே நினைத்தேன் மகள். அடுத்த தெருவிலிருந்து ஹக்கீம் ஓடிவந்து உதட்டில் தேன் தடவ, மெல்லக் கண் திறந்தாள். என்ன கொடுத்தீர்கள் என்று அவர் கேட்க, ரபீகா பெருமையோடு பத்தியத்தைச் சொன்னாள். பிறகென்ன, அலுமாரியைத் திறக்க வேண்டியதாயிற்று. மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாள் தாமாகவே வந்து எல்லாப் போத்தலையும் சிமிழையும் வாங்கி மோந்து பார்த்து, மற்ற இருவரையும் தாமே போய்க் கண்டு பேசி, கடைசியில் தம்முடைய மருந்தையே நிறுத்தினார். இந்த மூன்று வருத்தமும் இனி அவவை விட்டுப் போகாது, தீர்க்கப் பார்க்காதீர்கள், தாங்கப் பாருங்கள், முதலில் வயிற்றுக்குக் கொடுங்கள் என்றார். அன்று பகல் உம்மா கொஞ்சம் சோறும் மீன் ஆணமும் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு ரபீகாவை ஏசவும் தொடங்கினாள், எனக்கு அதைக் கேட்க எவ்வளவு ஆறுதல் தெரியுமா.

நீ ஜவாஹிர் காக்காவின் வண்டியில் அனுப்பிய லேகியம் நேற்று வந்தது, உன் மாமியார் சொன்ன நாற்பது நாள் பத்தியமும் கூடவே வந்தது. கோபிக்காதே, இரண்டையும் அதே வண்டியில் திருப்பி அனுப்புகிறேன். உம்மா உன்னைக் கூப்பிட வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழும்பி உட்காருகிறாள், உன் மருந்துக்காக அல்ல.

மருமகனுக்கு என் சலாம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் எல்லாருக்கும் அல்லாஹ் நீண்ட ஹயாத்தைத் தருவானாக. மழைக்கு முன்னால் புறப்பட்டு வா மகள், கையை வீசிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் வாப்பா,
ஜமால்தீன்