ஹெல்காவும் நானும் ஆடாத ஆட்டம்

ஜூன் 3, செவ்வாய்

இல்லம்மா, தாயம் இல்ல. எத்தன தடவ சொல்றது? இது பேக்கேமன். ஆளுக்குப் பதினஞ்சு காய், ரெண்டு பகடை. எதிரி காய் தனியா நின்னா அடிக்கலாம். யாரு முதல்ல எல்லாக் காயையும் வெளிய எடுக்குறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

"அதத்தான்டா தாயம்னு சொல்றது"ன்னு அம்மா பாத்திரம் கழுவப் போயிட்டாங்க.

அவங்ககிட்ட பேசிப் புண்ணியமில்ல. அதான் நோட்டுல எழுதுறேன். ஈப்போ போலிடெக்னிக்கப் பாதில விட்டுட்டு வந்து எட்டு மாசம் ஆச்சு. படிப்பு எனக்கு மெதுவா இருந்துச்சு. (லெக்சரர் வேற மாதிரி சொன்னாரு.) இப்ப டபுள்கிங்னு ஒரு சைட்ல காசு வச்சு ஆடுறேன். போன மாசம் அம்பது ரிங்கிட் போட்டேன், இப்ப நாப்பத்தொன்னு இருக்கு. ஒம்பது வெள்ளி போனதுக்கு நான் காரணம் இல்ல. சர்வர்தான் காரணம். பகடைய உருட்டுனா உருண்டுகிட்டே இருக்கு லா, மலைலேர்ந்து உருட்டி விட்ட மாதிரி.

இன்னைக்கும் கம்ப்ளெய்ன் எழுதுனேன். இது ஏழாவது.

ஜூன் 4, புதன்

ரெண்டே ரெண்டு காய்தான் பாக்கி. மூடுபனி எறங்குச்சு, லைன் கட்டு. திரும்பி வந்து பாத்தா டைம் முடிஞ்சு நான் தோத்துட்டேன். அஞ்சு வெள்ளி. எட்டாவது கம்ப்ளெய்ன்.

ஜூன் 6, வெள்ளிக்கிழமை

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள், லீவு ஆரம்பிச்சாச்சு. கோலாலம்பூர் கார் பூரா எங்க பிரிஞ்சாங் டவுன்லதான் நிக்குது. அத்தன பேரும் ஸ்ட்ராபெரியப் புடிச்சுகிட்டு வீடியோ போடுறான், எனக்கு லைன் எங்கேர்ந்து வரும்?

சாயங்காலம் நாகரத்தினம் மாமா வந்தாரு. அம்மாவோட தம்பி. திரிங்காப்ல லோரி வச்சு கோலாலம்பூர் செலாயாங் மார்க்கெட்டுக்குக் கோபிஸ், அதான் முட்டகோஸ், ஏத்துறாரு. வந்து உக்காந்து என் கைய தொட்டுப் பாத்தாரு, மாடு வாங்க வந்த மாதிரி.

"நல்ல கைலாம் இருக்கு. என்கூட அனுப்புங்க மச்சான். ஒரு நாளைக்கு நானூறு கூடை ஏத்துனா போன் எங்க இருக்குன்னே மறந்துருவான்."

மாமா கூடப் போறதுன்னா லோரில பத்து மணி நேரம் அவரு பேச்சையும் கேக்கணும். கோபிஸத் தாங்கிருவேன். அவரு பேச்ச முடியாது.

அப்பா டீய ஆத்திகிட்டே கேட்டாரு. டீ குடிச்சு முடிச்சுட்டு ஒரே ஒரு வார்த்த: "முப்பதாந்தேதிக்குள்ள அந்தப் போன்லேர்ந்து ஒரு காசு உன் பேங்குக்கு வந்துச்சுன்னு காட்டு. வந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். வரல, லோரில ஏறு."

சரின்னுட்டேன். அப்புறம்தான் ரூல்ஸ் பாத்தேன். வெளிய எடுக்கணும்னா கணக்குல குறைஞ்சது நூறு வெள்ளி இருக்கணுமாம். என்கிட்ட முப்பத்தாறு.

ஜூன் 9, திங்கள்

புவனேஸும் நானும் மோட்டார்ல டீ எஸ்டேட் பூரா லைன் தேடுனோம். புவனேஸ் அப்பாவோட கேங்குல கொழுந்து வெட்டுற மிஷின் புடிக்கிறவன். ஸ்கூல்ல என் பக்கத்துல உக்காந்து என்னப் பாத்து எழுதுனவன். (ரெண்டு பேரும் பெயில்.)

பதினொன்னாம் பிளாக் உச்சி. சிக்னல் நாலு கோடு! காசு வைக்காம ஒரு ஆட்டம் போட்டேன், பகடை வெண்ணெய்ல வழுக்குன மாதிரி போகுது. அதுக்குள்ள வீரப்பன் கங்காணி வந்துட்டாரு.

"டேய், யார்ரா நீ என் மலைல?"

"லைன் பாக்க வந்தேன் அண்ணே."

"வேலைக்காரங்க மட்டுந்தான் இங்க. போ, போ."

புவனேஸ் சொன்னான், ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிகிட்ட பாஸ் வாங்கிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு. போனேன். மலாய்ல ரெண்டு பக்கம் பாரம். படிக்க நேரமில்ல, ஆட்டத்துக்கு டைம் ஆச்சு. கையெழுத்துப் போட்டேன். கிராணி ஏன் கை குலுக்குனாருன்னு புரியல.

ஜூன் 10, செவ்வாய்

அது பாஸ் இல்ல. செக்ரோல், வேலையாளு பேரு எழுதுற கணக்கு!! வேலைக்குச் சேந்துட்டேன். காலைல அஞ்சே முக்காலுக்கு வீரப்பன் கங்காணி எங்க லயத்து வீட்டு வாசல்ல வந்து நின்னு, "ரூபன்! பெரட்டுக்கு வா! பேரு கூப்புடுறோம்"ங்குறாரு. அம்மா அழுதுட்டாங்க, சந்தோஷத்துல. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டாங்க. இனிமே எப்படி இல்லன்னு சொல்றது?

அப்பா கேங்குலயே போட்டுட்டாங்க. மிஷின ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு புடிச்சுகிட்டு டீச்செடி மேலயே நடப்பாங்க, வெட்டுன கொழுந்து பின்னாடி நீளமா ஒரு சாக்குல போய் விழும். அந்தச் சாக்கு வாலப் புடிச்சு இழுத்துகிட்டு வர்றதுக்கு மூணாவது ஆளு. அது நானு. முன்னாடி புடிச்ச பங்களாதேஷ் பாய் ஊருக்குப் போயிட்டானாம்.

பரவால்ல. பதினொன்னாம் பிளாக்தான். நாலு கோடு.

ஜூன் 13, வெள்ளிக்கிழமை

நாலு நாளா தங்கமான லைன். ஒரு தடவ கூடக் கட்டாகல. ரெண்டு வெள்ளி வச்சு ஒம்பது ஆட்டம் ஆடுனேன். எட்டு தோல்வி.

என்ன லா இது?

ஒரு கையால போனு, ஒரு கையால சாக்கு. கொழுந்து பாதி கீழ. அப்பா திரும்பிப் பாக்குறாரு, மிஷின எறக்கி வச்சுட்டு கீழ கெடந்தத அவரே அள்ளுறாரு. அது திட்டுறத விட மோசம். இருபத்திரெண்டு வெள்ளிதான் இருக்கு.

ஹெல்கா மெசேஜ் போட்டுச்சு. ஜெர்மனில இருக்குற ஆன்ட்டி, வயசு அறுவத்திரெண்டு, வாரத்துல நாலு நாள் என்கூட ஆடும். "ரூபன், நீ பேசாம ஆடுறப்ப ரொம்ப அழகா ஆடுற. இந்த வாரம் சாட்ல நிறைய பேசுற. ஆட்டம் சுமார்தான்."

பேசாம எப்ப ஆடுனேன்? நான் பேசாம இருந்ததே இல்லயே.

ஜூன் 14, சனி

கண்டுபுடிச்சுட்டேன். எழுதவே கூசுது.

ரூல்ஸ் பதினாலாவது: ஆட்டத்துக்கு நடுவுல லைன் போனா சர்வர் கம்ப்யூட்டரே ஆளுக்குப் பதிலா ஆடும். கடைசி ரெண்டு காய் இருக்குறப்ப லைன் கட்டானா மட்டும் ஆடாதாம். பழைய கணக்கப் பூரா எடுத்துப் பாத்தேன். நான் ஜெயிச்ச ஆட்டம் பதினேழு. அதுல பதினஞ்சு லைன் கட்டான ஆட்டம்.

நான் ஜெயிக்கவே இல்ல. மூடுபனிதான் ஜெயிச்சுச்சு. நான் இருந்தா தோக்குது, நான் இல்லன்னா ஜெயிக்குது. இதத்தான் போலிடெக்னிக் லெக்சரரும் சொன்னாரு.

ஜூன் 16, திங்கள்

ஒரு மணி நேரம் வருத்தப்பட்டேன். அப்புறம் யோசன வந்துச்சு.

ஆட்டத்த ஆரம்பிக்கிறது. ரெண்டு தடவ உருட்டுறது. போன ஏரோப்ளேன் மோடுல போட்டு சட்டப் பையில வைக்கிறது. சாக்குப் புடிக்கிறது. அரை மணி கழிச்சு எடுத்துப் பாக்குறது. ஜெயம்! அஞ்சு வெள்ளி!

ரெண்டு கையும் இப்ப சும்மா இருக்கா, சாக்க ஒழுங்காப் புடிச்சேன். வெயிட் போடுறப்ப எங்க கேங்கு முதலாவது. வீரப்பன் கங்காணி முதுகுல ஒரு தட்டு தட்டுனாரு. "போன விட்டுட்டான்யா பய!"

அண்ணே, போன்தான் சம்பாதிக்குது.

ஜூன் 18, புதன்

அறுவத்தொன்னு வெள்ளி ஆச்சு. அப்பா மிஷின நிறுத்திட்டு சாக்க எப்படி மடிக்கணும்னு காட்டுனாரு. காத்து வந்தாலும் கொழுந்து பறக்காது. நல்லாத்தான் இருக்கு.

ஜூன் 21, சனி

தொண்ணூத்தேழரை! இன்னும் ஒரே ஆட்டம்.

ஆனா ஹெல்கா கேட்டுச்சு: "ரொம்ப அமைதியா ஆயிட்ட. என் மேல கோவமா?"

ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு ஆன்ட்டிய மிஷின விட்டு அடிக்கிறேன். இது திருட்டா? திருட்டு இல்லலா, ரூல்ஸ்லயே இருக்கு. அப்ப ஏன் ரூல்ஸ மூணாவது தடவ படிக்கிறேன்?

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை ஒரே ஒரு ஆட்டம், அதோட நிறுத்திருவேன்.

ஜூன் 23, திங்கள்

ஒன்னு இல்ல, மூணு ஆட்டம் போட்டேன். மூணும் போச்சு. கம்ப்யூட்டர் ஆடவே இல்ல! லெட்டர் வந்து கெடக்குது, நான் பாக்கல: "வாடிக்கையாளர்களின் புகாரை ஏற்று சர்வரை மாற்றியுள்ளோம். இனி இணைப்பு அறுந்தால் ஐந்து நிமிடம் காத்திருப்போம். கணினி உங்களுக்காக ஆடாது. குறிப்பாகப் பதினொரு கடிதம் எழுதிய ரூபனுக்கு நன்றி."

எனக்கு நன்றியாம்.

புவனேஸ்கிட்ட காட்டுனேன். படிச்சுட்டு டீச்செடிக்கு நடுவுல உக்காந்து சிரிச்சான். எழுந்திரிக்கவே மாட்டேங்குறான். அப்பா மிஷின ஒத்தையில புடிச்சுகிட்டு நிக்குறாரு.

எம்பத்திரெண்டரை.

ஜூன் 26, வியாழன்

ஹெல்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மோடு, சாக்கு, சர்வர், எல்லாம். திட்டும்னு நெனச்சேன்.

பதில் வந்துச்சு: "ஐயோ ரூபன். நானும் அதத்தான் பண்ணுனேன். ஆட்டத்தப் போட்டுட்டு லைன அணைச்சுட்டு நாயக் கூட்டிட்டு நடக்கப் போயிருவேன்."

அப்ப ஒரு வாரமா யாரு யாரோட ஆடுனது?! நான் மலைல சாக்கு இழுக்குறேன், அது காட்டுல நாய இழுக்குது, ரெண்டு கம்ப்யூட்டரும் எங்க காச வச்சு தனியா ஆடிகிட்டு இருந்திருக்குது. அதுவும் ஒரே கம்ப்யூட்டர் லா! தன்னோட தானே!

சிரிச்சு சிரிச்சு சாக்க விட்டுட்டேன். அப்பா: "என்னடா?" சொன்னேன். அவருக்குப் புரியல. ஆனா வாய் ஓரம் கொஞ்சம் கோணுச்சு. பாத்தேன்.

ஹெல்காவும் நானும் பேசி வச்சோம். முப்பதாந்தேதி, ஒரே ஆட்டம், இருபது வெள்ளி, ரெண்டு பேரும் சொந்தக் கையால. ஜெயிச்சா நூத்திரெண்டரை, அன்னைக்கே வெளிய எடுத்துருவேன். விட்டுக் குடுக்குறியான்னு கேட்டேன். "ஒருக்காலும் மாட்டேன்"னுச்சு. அதுவும் சரிதான்.

ஜூன் 30, திங்கள்

மத்தியானம் பன்னெண்டு மணி, சாப்பாட்டு நேரம். அங்க காலைல ஆறு. பதினொன்னாம் பிளாக் உச்சி.

கேங்கே என்னச் சுத்தி உக்காந்துருச்சு. கையால கொழுந்து பறிக்கிற ருக்குமணி அக்கா சோத்துத் தட்டோட என் தோள் மேல சாஞ்சுகிட்டு, "அந்தத் தனிக்காய அடிடா! ஏன்டா பாத்துகிட்டு இருக்க?"

"அடிச்சா என் காய் மாட்டிக்கும்க்கா."

"பயந்தாங்கொள்ளி. அடி!"

அடிச்சேன். வேல செஞ்சுச்சு! வீரப்பன் கங்காணி கூட விசில் அடிச்சாரு. சர்வர் ஒரு துளி கூட எடறல. பகடை நின்னா நின்னுச்சு, காய் நகந்தா நகந்துச்சு. குறை சொல்ல ஒன்னுமே இல்ல.

கடைசில எனக்கு ரெண்டு காய். ஹெல்காவுக்கு நாலு. அது உருட்டணும். ரெட்டை விழுந்தாத்தான் நாலும் ஒன்னா வெளிய போகும். விழாது, அடுத்து நான் எடுத்துருவேன், முடிஞ்சுச்சு—

அஞ்சு அஞ்சு.

ஹெல்கா நாலையும் எடுத்துருச்சு. ருக்குமணி அக்கா சோத்தப் பெசஞ்சுகிட்டே, "வெள்ளக்காரிக்கு நல்ல கை"ன்னாங்க.

மூணு மணிக்கு மாமா லோரி பதினொன்னாம் பிளாக் ரோட்டுக்கே வந்துருச்சு. ஹார்ன். "மாப்ள! ஏறு! செலாயாங் பூரா காத்துகிட்டு இருக்கு!"

அப்பாவப் பாத்தேன். அவரு வாக்கு வாக்குதான். மிஷின எறக்கி வச்சுட்டு கையத் தொடச்சுகிட்டு நின்னாரு. வீரப்பன் கங்காணிக்குத்தான் பொறுக்கல. "யோவ், இவன நீ கூட்டிட்டுப் போனா என் சாக்க யாருய்யா புடிக்கிறது? ஒன் கோபிஸா?"

"எங்கக்கா மகன்யா!"

"என் செக்ரோலுய்யா!"

என் வாழ்க்கைல முதல் தடவ என்ன வச்சுகிட்டு ரெண்டு பேரு சண்ட போட்டாங்க. கொஞ்ச நேரம் ரசிச்சேன். அப்புறம் பாத்தா மேற்கால மழ இருட்டிகிட்டு வருது, நாலு வரிசை பாக்கி, நனஞ்சா வெயிட்ல தண்ணிக்குன்னு கழிப்பாங்க. "மாமா, தோத்துட்டேன், ஒத்துக்குறேன். ஆனா நாலு வரிசை இருக்கு, முடிச்சுட்டுப் பேசலாம்"னு சொல்லிட்டு சாக்கு வாலத் தூக்கிட்டேன்.

அப்பா மாமாவப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. மிஷினத் தூக்குனாரு.

நாலு வரிசையும் முடிஞ்சு திரும்புறப்ப லோரி இல்ல. ஒரு கோபிஸ் மட்டும் ரோட்டோரம் வச்சுட்டுப் போயிருக்காரு. கோவமா பாசமான்னு தெரியல. அம்மா அதப் பொரியலாப் பெரட்டிட்டாங்க.

ஜூலை 2, புதன்

ஹெல்கா மறுபடி எப்பன்னு கேக்குது. ரெண்டு வெள்ளிக்கு மேல வேணாம்னுட்டேன், சாப்பாட்டு நேரத்துல மட்டும். அதோட நாய்க்கு உடம்பு சரியில்லயாம், அதப் பாத்துகிட்டே ஹெல்காவும் மெதுவாத்தான் ஆடும்.

கம்ப்ளெய்ன் பன்னெண்டாவது எழுத உக்காந்தேன். என்ன எழுதுறதுன்னு தெரியல. எல்லாம் நல்லா இருக்கு. நான்தான் சுமாரா ஆடுறேன், அத யாருகிட்ட எழுதுறது?

நேத்து அப்பா புவனேஸ சாக்குக்கு அனுப்பிட்டு அவன் பக்கம் இருந்த மிஷின் புடிய என்கிட்ட குடுத்தாரு. பத்து வரிசை. மிஷின் அதிர்வு இன்னும் கைய விடல, அதான் எழுத்து இப்படி. பிளேடு உயரத்த ஒரு விரல் கூட வச்சா எள கொழுந்து மட்டும் வரும், கம்மி வச்சா முத்தலும் சேந்து வந்து கிராணி கழிப்பாரு, அது எப்படின்னா— வீரப்பன் கங்காணி வாசல்ல நின்னு கத்துறாரு. பெரட்டு. போகணும்.