எலிசா குளிக்கும்போது

எலிசா அப்பா,

நான் விழுப்புரம் டூட்டிக்குப் போறேன், ராத்திரிதான் வருவேன். கேப்பைக் களி சட்டியில இருக்கு. சாயங்காலம் கேஸ் கீசரைக் கழட்ட ஆள் வருவாரு. பாத்ரூமுக்கு வெளிய, துவைக்கிற கல்லுக்கு மேல மாட்டச் சொல்லுங்க. திருடு போயிடும்னு மறுபடி ஆரம்பிக்காதீங்க.

எதிர்வீட்டு மாடிக்குத் தெரியுதுன்னு பாத்ரூம் ஜன்னல்ல அட்டையை வெச்சு ஆணி அடிச்சிட்டீங்க. கீசர் விடற விஷக் காத்து எங்க போவும்? நேத்து பாடிக்கினே குளிச்ச பொண்ணு, பாதியில நிறுத்திட்டா. கதவை இடிச்சு, மயங்கிக் கிடந்தவளை நான்தான் வெளிய இழுத்தேன்.

அட்டையைப் பிடுங்கிடுங்க. பிஞ்ச தாழ்ப்பாளை நீங்க திரும்ப அடிச்சிடுவீங்க, அதனால என் பையில எடுத்துக்கினு போறேன்.

அக்னஸ்

சிலிண்டரை மூடியிருக்கேன். ஆனா அவளுக்குத் திறக்கத் தெரியும், பச்சைத் தண்ணின்னா கேக்க மாட்டா. பாட்டைக் கேட்டுக்கினே இருங்க. நின்னுச்சுன்னா உள்ள போங்க. வயசுப் பொண்ணாச்சேன்னு நேத்து மாதிரி வெளிய நின்னு என்னைக் கூப்பிடாதீங்க. இன்னைக்கு நான் வீட்ல இல்ல.